வீடே கந்தோரான காலம்

வீட்டிலிருந்து தொழில் செய்தல் நம்மவர்க்கு முற்றும் புதியதன்று. பொற்கொல்லர் தம் இல்லத்திலேயே பட்டறை வைத்திருந்தனர். திண்ணைப் பள்ளி ஆசிரியரும் வீட்டு வாயிலிலேயே பாடஞ் சொன்னார். எனினும், பட்டறைக்கும் திண்ணைக்கும் ஓர் எல்லை இருந்தது. பொழுது சாயத் தொழிலும் பெரும்பாலும் ஓய்ந்தது.

2020 மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்தபோதும், 2022 யூன் மாதத்தில் எரிபொருட் பஞ்சத்தால் அரச ஊழியர் பலர் வீட்டிலிருந்தே கடமையாற்றுமாறு பணிக்கப்பட்டபோதும், நம் வீடுகள் கந்தோர்களாயின. பிரயாணக் களைப்பும் செலவும் ஒழிந்தமை நன்மையே. ஆயின், கைத்தொலைபேசி உணவு வேளையிலும் அழைத்தது; கணினி நள்ளிரவிலும் விழித்திருந்தது. வேலை முடிந்ததென்று அறிவிப்பார் எவருமிலர். மேசைக்குத் தேநீர் கொணர்ந்த இல்லாளின் சுமையோ மேலும் பெருகிற்று. அவளும் உத்தியோகத்தராயின் சொல்லவும் வேண்டுமோ?

கல்லூரியில் நம்மை நெறிப்படுத்தியது மணியோசை. பாடத்துக்கு அழைத்த மணியே மைதானத்துக்குச் செல்லவும் விடைதந்தது. வீட்டில் அம்மணியை நாமே அடித்தல் வேண்டும். தொடங்கும் நேரத்தை வற்புறுத்தும் மேலதிகாரிகள் முடியும் நேரத்தையும் மதித்தல் வேண்டும். அடுக்களை வேலையில் ஆடவரும் பங்கேற்றல் வேண்டும். இவ்விரண்டும் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியன அல்ல. உயர் பதவிகளை வகிக்கும் நம் பழைய மாணவர் தத்தம் கந்தோரிலும் இல்லத்திலும் இவற்றை இன்றே தொடங்குவாராக.