சாதனம் நமது, சாவி யாருடையது?

ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக 2021 வரை போராடியவர்கள் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் நம் மக்கள். தோட்டச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பிள்ளையின் படிப்புக்கென்று பழைய மடிக்கணினியும் டொங்கிளும் வாங்கிச் செல்லும் தகப்பனுக்கு நகரத்துக் கடையில் கிடைக்கும் மறுமொழி யாது? “கம்பனியின் மென்பொருள் இக்கணினியில் ஏறாது, வேறு கணினி வாங்குங்கள்!” அம்மென்பொருள் இன்றியே இணைப்புப் பெறலாம் என்று நாம் திட்டமாகக் கூறுகிறோம்.

டொங்கிளைச் செருகியதும் அது தன்னை மோடம் என்று காட்டாது. மென்பொருள் அடங்கிய இறுவட்டு என்று வேடம் பூணும். அம்மென்பொருளை ஏற்றியபின் ஒரு கட்டளை பிறக்கும், வேடம் கலையும். அதே கட்டளையை லினக்ஸ் இயங்குதளத்தில் ‘யூ.எஸ்.பி. மோட்சுவிட்ச்’ என்னும் இலவச மென்பொருள் தானே அனுப்பிவிடுகிறது. அதன்பின் வேண்டுவன, ஏ.பி.என். எனப்படும் அணுகுமுனைப் பெயரும், *99# என்னும் அழைப்பெண்ணும், சிம்முக்குப் பூட்டெண் இருப்பின் அதுவுமே. பயனர் பெயர், கடவுச்சொல் இடங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்படும். விண்டோசுக்குச் சாதன இயக்கி ஒன்று வேண்டும். அழைப்பை அவ்வியங்குதளமே செய்யும். எஞ்சிய தரவின் அளவைக் காட்ட மென்பொருள் வேண்டுமே என்பர். சிம்மைக் கைத்தொலைபேசியில் இட்டுப் பார்த்தால் போதாதா?

ஒரு துண்டுச் சீட்டில் அடங்கும் இவ்விவரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுப் பெட்டியில் வைக்க என்ன செலவாகும்?

இதனினும் கொடியது பூட்டு. ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி பூட்டிய டொங்கிள், மற்ற நிறுவனத்தின் அலை மட்டும் எட்டும் மலைமடிப்பில் வெறும் பிளாஸ்டிக் துண்டு. நம் பாட்டன்மார் காலத்துத் துண்டு முறையை முதியோர் அறிவர்: கடனைப் புதிய துரை தீர்த்தாலன்றித் தொழிலாளி தோட்டம் மாற இயலாது. 1921-இல் சட்டம் அதனை ஒழித்தது. உவமை மிகை என்று சிலர் முகஞ்சுளிப்பர். மனிதனைப் பூட்டுவதும் கருவியைப் பூட்டுவதும் ஒன்றல்ல என்பதை நாமும் அறிவோம். ஆயினும், விலைகொடுத்து வாங்கியவனை ஒரே வாசலில் நிற்கவைக்கும் புத்தி இரண்டிலும் ஒன்றே அன்றோ?

உலகம் இவ்வழக்கை முன்பே விசாரித்துவிட்டது. அமெரிக்கத் தொடர்பாடல் ஆணையம் 1968-இல் ‘கார்ட்டர்போன்’ வழக்கில், வலையமைப்புக்குக் கேடு செய்யாத பிறர் கருவியை இணைப்பதைத் தொலைபேசி நிறுவனம் தடுக்கலாகாது என்று தீர்த்தது. தாம் விரும்பும் முனையக் கருவியைப் பயன்படுத்தும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் சட்டமாக்கியது. இங்கோ 1991-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் பாவனையாளர் நலன் காக்கும் கடமையை ஆணைக்குழுவின் தலையில் வைத்துள்ளது. நிறுவனம் தனியாருடையது, மொழிச் சட்டம் அதனைத் தீண்டாது என்று வாதிடுவோருக்கு நமது விடை: அலைவரிசை பொதுச் சொத்து, உரிமம் தருவது அரசு, அவ்வரசின் ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்றென்று 1987-இன் 13-ஆம் திருத்தம் கூறுகிறது. தமிழ் விவரச் சீட்டை உரிமத்தின் நிபந்தனையாக்கத் தடை எது?

ஆகவே, இறக்குவானை முதல் எட்டியாந்தோட்டை வரையுள்ள வாலிபர் சங்கங்களும் ஆசிரியர்களும் 2016-இன் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்க வேண்டுகிறோம். கேள்வி இரண்டு: பூட்டிய கருவிகளை விற்பது பற்றி உரிமங்களில் உள்ள நிபந்தனை யாது? பூட்டை நீக்கித் தருமாறு கேட்கும் பாவனையாளனுக்கு நிறுவனம் எத்தனை நாளில் விடை தரவேண்டும்?