‘சிறுமுதல்’ என்னும் பெரும்பொய்

குறைந்த முதலீட்டில் சட்டபூர்வமான கஞ்சாத் தோட்டம் அமைப்பது எப்படி என்று கற்பிக்கும் வழிகாட்டி நூல்களுக்கும் கட்டணப் பயிலரங்குகளுக்கும் அமெரிக்காவில் பஞ்சமில்லை. எல்லாம் ஏறத்தாழ ஒரே யாப்பில் அமைந்தவை. முதலில் ஒரு சிறு தொகை வாசகனின் கண்முன் வைக்கப்படும். கலிபோர்னியாவில் மிகச் சிறிய திறந்தவெளித் தோட்டத்துக்கு 2018-இல் விதிக்கப்பட்ட ஆண்டு உரிமக் கட்டணம் 1,205 டாலர். அதையடுத்து ஒரு பவுண்டு உலர்ந்த பூவின் விலை வரும். பிறகு ஒரு பெருக்கல் கணக்கு. வாசகன் அந்தப் பெருக்கலின் விடையிலேயே குடியேறிவிடுகிறான்.

அந்த 1,205 பொய்யான எண் அன்று. அதைச் சுற்றி எழுப்பப்படும் ‘சிறுமுதல்’ என்ற சொல்தான் பொய் என்பது என் வாதம். தனியொருவன் தன் சேமிப்பை மட்டும் நம்பி இத்தொழிலில் இறங்கி நிலைப்பதற்கான வழியைச் சந்தை அடைத்தது என்று பலர் எழுதுகிறார்கள். சந்தைக்கு முன்பே சட்டம் அடைத்துவிட்டது. அதுவும், சிறியவனைக் காப்பேன் என்று வாக்களித்த அதே சட்டம்.

கஞ்சா நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகப் போவதில்லை. அதை நடத்த நம்மிடையே ஆள் குறைவில்லை. இலக்கியம் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ‘விடுதலை’, ‘சிறு விவசாயி’, ‘வாய்ப்பு’ ஆகிய சொற்கள் எங்கே எப்படிப் புழங்குகின்றன என்று பார்ப்பதும் எங்கள் வேலைதான்.

கலிபோர்னியாவின் வடக்கே ஹம்போல்ட், மெண்டோசினோ, டிரினிட்டி என்ற மூன்று மாவட்டங்கள் உள்ளன. 1960-களின் இறுதியிலும் 70-களிலும் நகரத்தை வெறுத்து மலைக்குப் போன இளைஞர்கள் அங்கே செம்மரக் காடுகளின் ஓரத்தில் இச்செடியைப் பயிரிட்டார்கள். 1983 முதல் ஹெலிகாப்டர்கள் வந்து வேட்டையாடின. சிலர் சிறைக்குப் போனார்கள். மற்றவர்கள் மலையின் இன்னும் உட்பகுதிக்குப் போனார்கள். 1996-இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வாக்காளர்கள் அனுமதி அளித்தனர். 2016 நவம்பர் 8 அன்று, 64-ஆம் முன்மொழிவு வயது வந்தோர் அனைவருக்கும் அதைத் திறந்துவிட்டது.

அந்த முன்மொழிவின் வாசகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்: இத்தொழில் சிறு, நடுத்தர நிறுவனங்களைச் சுற்றியே வளர வேண்டும் என்பது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கங்களுள் ஒன்று. அதற்காகவே, ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட திறந்தவெளித் தோட்டங்களுக்கான பெரிய உரிமம் 2023 ஜனவரி வரை வழங்கப்படாது என்று எழுதப்பட்டது. ஐந்தாண்டு மூச்சு விடும் காலம். மலைவாசிகளில் பலர் இந்த வாக்குறுதியை நம்பித்தான் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள்.

2017 நவம்பரில் மாநில வேளாண் துறை அவசர விதிகளை வெளியிட்டது. நடுத்தர உரிமம் ஆளுக்கு ஒன்றுதான் என்று அவ்விதிகள் வரையறுத்தன. 10,000 சதுர அடி வரையிலான சிறு உரிமங்களுக்கோ எண்ணிக்கை வரம்பே இல்லை. 10,000 சதுர அடி என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 23 சென்ட். ஒருவர் 23 சென்ட் உரிமத்தை எத்தனை வேண்டுமானாலும் வாங்கி அடுக்கிக்கொள்ளலாம் என்றால் பெரிய உரிமம் எதற்கு? சாண்டா பார்பராப் பகுதியில், கொலம்பியாவிலிருந்து வந்து குவிந்த மலர்களோடு போட்டியிட முடியாமல் நொடித்துப்போன பழைய பசுமைக்குடில்கள் கஞ்சாக் குடில்களாயின. அங்கே சிறு உரிமங்கள் பத்துப்பத்தாக அடுக்கப்பட்டன. நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் நம்மூர்ப் பண்ணையார்கள் நாய் பெயரிலும் பூனை பெயரிலும் பட்டா எழுதியதாகக் கேலி பேசுவோம். அங்கே அந்தச் சிரமமும் தேவைப்படவில்லை. சொந்தப் பெயரிலேயே பினாமியாக இருக்க அனுமதித்த சட்டம் அது. வாக்காளர் தந்த ஐந்தாண்டு அவகாசம் முதல் உரிமம் வழங்கப்படும் முன்பே இறந்துவிட்டது.

இனிக் கணக்குக்கு வருவோம். வழிகாட்டிகள் செய்யாத கணக்கு இது.

2018 ஜனவரி முதல் மாநிலம் விளைச்சல் வரி விதித்தது. உலர்ந்த பூ அவுன்சுக்கு 9.25 டாலர். இது விலையின் சதவீதம் அன்று, எடைக்கு விதித்த நிலையான தொகை. 2020-இல் 9.65 ஆயிற்று. ஒரு பவுண்டுக்கு 154 டாலர் 40 சென்ட். திறந்தவெளியில் விளைந்த பூ 2021-இன் தொடக்கத்தில் மொத்த விலைக்குப் பவுண்டுக்கு ஆயிரம் டாலரையொட்டி விற்றபோது இது தாங்கக்கூடியது. அந்த ஆண்டு முடிவதற்குள் விலை நானூறு, ஐந்நூறு என்று சரிந்தது. நானூறில் 154 போனால் ஐந்தில் இரண்டு பங்கு போயிற்று என்று பொருள். கொடுமை அதோடு நிற்கவில்லை. பணவீக்கத்துக்கேற்ப வரி உயர வேண்டும் என்ற விதிப்படி 2022 ஜனவரியில் அது 10.08 ஆக ஏறியது. விளைபொருளின் விலை பாதிக்கும் கீழே விழுந்த குளிர்காலத்தில் வரி ஏறுகிறது. எந்த மொழியின் அங்கத நாவலாசிரியனும் இதை எழுதக் கூசுவான். 2022 ஜூலை 1 அன்று அவ்வரி நீக்கப்பட்டது. அதற்குள் பல தோட்டங்கள் மூடப்பட்டுவிட்டன.

இது மாநில வரி. ஹம்போல்ட் மாவட்டம் தனக்கென்று திறந்தவெளித் தோட்டத்தில் சதுர அடிக்கு ஒரு டாலர் வாங்கியது. பரப்புக்கு வரி, விற்றாயா, விளைந்ததா என்ற கேள்வி இல்லை. 23 சென்டுக்குப் பத்தாயிரம் டாலர். 2022-இல் மாவட்டமே பதறிப்போய் இதில் பெரும்பகுதியைக் குறைத்தது. தண்ணீர் தனிக்கதை. ஓடையிலிருந்து நீர் எடுப்பவர்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் முடிய அதில் கைவைக்கக் கூடாது. மழைக்காலத்திலேயே தொட்டிகளில் தேக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மீன்களைக் காக்கும் நியாயமான விதிதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் கோடை முழுவதற்கும் தேவையான நீரைத் தேக்கும் தொட்டிகளுக்கான பணம் அந்த 1,205 டாலர் கணக்கின் எந்த வரியில் இருக்கிறது? ஓடைக்குக் குறுக்கே செல்லும் பாதைக்கு வனவிலங்குத் துறையின் ஒப்பந்தம், சுற்றுச்சூழல் ஆய்வு, பயிர் அளக்கும் ஆய்வகக் கட்டணம் இவற்றையெல்லாம் விரித்தெழுதினால் இக்கட்டுரை நீதிமன்ற ஆவணமாகிவிடும்.

எந்த விவசாயிக்குத்தான் நட்டமில்லை, தக்காளி விலை விழுவதில்லையா என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். தக்காளி பயிரிடுபவனுக்கு வங்கிக் கடன் உண்டு, கூட்டரசின் பயிர்க் காப்பீடு உண்டு. உள்ளூரில் விலை போகாவிட்டால் அடுத்த மாநிலத்துக்கு லாரி ஏற்றலாம். 2018-இல் உரிமம் பெற்ற கஞ்சா விவசாயிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. 1970-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு முதல் அட்டவணையில் வைத்தது. ஆதலால் மாநில எல்லையைத் தாண்டினால் அவன் கடத்தல்காரன். 2020-இல் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்த ஆகஸ்டு மாதக் காட்டுத்தீ இந்த மலைகளைச் சூழ்ந்தபோது, கருகியதற்கும் புகை பிடித்த பூவுக்கும் இழப்பீடு கேட்க அவனுக்கு வாசல் இல்லை.

வருமான வரிச் சட்டத்தின் 280இ பிரிவையும் சொல்ல வேண்டும். மினியாபொலிஸ் நகரத்துப் போதைப்பொருள் வியாபாரி ஒருவர் தன் தராசுக்கும் தொலைபேசிக்கும் வீட்டு வாடகையின் ஒரு பகுதிக்கும் வரிக்கழிவு கேட்டார். 1981-இல் வரி நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சினமுற்ற நாடாளுமன்றம் 1982-இல் இப்பிரிவை இயற்றியது: முதல் இரண்டு அட்டவணைப் பொருள்களை விற்பவருக்கு எந்தத் தொழிற்செலவுக் கழிவும் இல்லை. பண்டத்தின் அடக்கவிலையை மட்டும் கழிக்கலாம் என்பதால் இது விளைவிப்பவனைவிட விற்பவனையே அதிகம் கடித்தது. உண்மை. ஆனால் இடைத்தரகனைத் தவிர்க்கத் தன் பூவைத் தானே விற்க முனைந்த சிறு விவசாயி அந்தக் கணமே இதன் வாய்க்குள் விழுந்தான். கடைக்காரனுக்குக் கையில் பணம் வற்றியபோது அவன் முதலில் பாக்கி வைத்ததும் தோட்டக்காரனிடம்தான்.

கட்டுப்பாடு மிகுந்ததால்தான் இந்த நிலை, கதவை அகலத் திறந்தால் ஏழையும் நுழைவான் என்று இன்னொரு சாரார் வாதிடுகின்றனர். ஓக்லஹோமா திறந்து பார்த்தது. 2018 ஜூனில் வாக்கெடுப்பு. 2,500 டாலருக்கு உரிமம். எண்ணிக்கை வரம்பு இல்லை. ஏறத்தாழ நாற்பது லட்சம் பேர் வாழும் மாநிலத்தில், மருத்துவப் பயனாளிகளுக்கு மட்டுமான சந்தைக்கு, வளர்ப்பு உரிமங்கள் ஒன்பதாயிரத்தைத் தாண்டின. நான்கில் மூன்று பங்கு உடைமை உள்ளூர்க்காரரிடம் இருக்க வேண்டும் என்பது விதி. எனவே உள்ளூர்ப் பெயர்கள் விலைக்குக் கிடைத்தன. (பினாமி மீண்டும் வந்துவிட்டான்.) 2022 ஆகஸ்டில் புதிய உரிமங்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் கிங்ஃபிஷர் மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் சீன நாட்டவர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ‘குறைந்த முதலீடு’ என்று நூல்கள் எழுதும் இடத்தில் உண்மையில் குறைக்கப்படுவது பெரும்பாலும் கூலி. அது யாருடைய உடலிலிருந்து குறைக்கப்படுகிறது என்பதை ஓக்லஹோமாவின் தோட்டக் கொட்டகைகளில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஓக்லாந்து நகரம் 2017-இல் இன்னொரு வழியைத் தேடியது. கஞ்சா வழக்குகளால் சீரழிந்த பகுதி மக்களுக்கும் தண்டனை பெற்றவர்களுக்கும் உரிமங்களில் பாதியை ஒதுக்கியது. உயர்ந்த எண்ணம். ஆனால் உரிமம் கொடுத்த கை முதலைக் கொடுக்கவில்லை. அத்தகையவருக்கு மூன்றாண்டுகள் இலவசமாக ஆயிரம் சதுர அடி இடம் தரும் பணக்கார விண்ணப்பதாரருக்கு முன்னுரிமை என்று ஒரு விதி செய்தார்கள். விளைவு ஊகிக்கக்கூடியதே. பலருக்குத் தாளில் பெயரும் மூலையில் ஓர் அறையும் கிடைத்தன. தொழில் வேறொருவர் கையில் இருந்தது.

அப்படியானால் சம்பாதிப்பவர் யார்? கொங்குப் பகுதியில் 2012-இல் ஈமு கோழி வளர்ப்பு சரிந்ததைக் கண்டவர்களுக்கு விடை தெரியும். ஈமுவை உண்டவர் எத்தனை பேர்? காசு குஞ்சை விற்றதில் இருந்தது. இங்கும் விளக்கு விற்பவர், உரம் விற்பவர், போத்துக் கன்று விற்பவர், விண்ணப்பம் எழுதித் தரும் ஆலோசகர், முதற்பத்தியில் நான் சொன்ன நூலாசிரியர் ஆகியோரின் வருமானம் பூவின் விலையோடு கட்டப்பட்டதன்று. ஈமுவில் நடந்தது அப்பட்டமான மோசடி, இது சட்டத்துக்குட்பட்ட வணிகம் என்ற வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் வாழும் நம்மவருக்குத் தனியே ஒரு செய்தி உண்டு. கிரீன் கார்டும் ஓரளவு சேமிப்பும் வைத்துக்கொண்டு மென்பொருள் வேலையில் சலித்து ‘மண்ணுக்குத் திரும்ப’ எண்ணுபவர் பலர் என்பதால் இதைச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 19 அன்று குடியுரிமைத் துறை ஒரு கொள்கை விளக்கம் வெளியிட்டது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், கஞ்சாத் தொழிலில் ஈடுபடுவது கூட்டரசுச் சட்டப்படி குற்றமாவதால், குடியுரிமைக்கு வேண்டிய நன்னடத்தைத் தகுதியை இழக்க அது காரணமாகலாம் என்பது அதன் சாரம். உரிமம் சுவரில் தொங்கும், வரி ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கும், அந்த ரசீதுகளே சாட்சியாகும். பூர்விகக் குடிமகன் பணத்தை மட்டும் இழக்கும் இடத்தில் வந்தேறி நாட்டையும் இழக்கக்கூடும். நான் பார்த்த வழிகாட்டிகளில் ஒன்றுகூட இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கவில்லை.

சிறு விவசாயி கஞ்சா பயிரிட்டுச் சட்டபூர்வமாகப் பிழைத்ததே இல்லையா? பிழைத்திருக்கிறான், அமெரிக்காவில் அன்று. வங்கத்தின் ராஜ்ஷாஹி மாவட்டத்தில், இன்றைய வங்கதேசத்து நவ்காவில், ‘கஞ்சா மகால்’ என்றே ஒரு பகுதி இருந்தது. 1893-94-இல் ஆங்கில அரசு அமைத்த கஞ்சா விசாரணைக் குழுவின் அறிக்கை அதை விரிவாகப் பேசுகிறது. குடியானவன் உரிமம் பெற்றுச் சிறு துண்டு நிலத்தில் பயிரிட்டான். ஆண் செடிகளை இனங்கண்டு பிடுங்கத் தேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். விளைச்சல் அரசுக் கிடங்குக்குப் போயிற்று. தரகனும் வட்டிக்காரனும் அங்கும் அவனை உறிஞ்சினார்கள். 1917-இல் அந்த விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். விற்பனை சங்கத்தின் கைக்கு வந்தது. அதன் வருவாயிலிருந்து பள்ளியும் மருத்துவமனையும் எழுந்தன. 1987-இல் பயிர் நிறுத்தப்படும்வரை அது நடந்தது. அது காலனி அரசின் கலால் வருமானத்துக்காக நடந்த ஏற்பாடு என்பதை மறந்துவிட்டு அதைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. ஆனால் அங்கே சிறுமுதல் நிலைத்தது, அது தனிமுதலாக இல்லாததால்.

கலிபோர்னியச் சட்டத்திலும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. 2017-இல் சிறு விவசாயிகளின் கஞ்சாக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அது வழிசெய்தது. மொத்தப் பரப்பு 4 ஏக்கருக்கு மிகக் கூடாது என்ற வரம்போடு. கவனியுங்கள், தனியொருவன் அடுக்கும் சிறு உரிமங்களுக்கு வரம்பு வைக்கவில்லை. சேர்ந்து நிற்கும் சிறியவர்களுக்கு வைத்திருக்கிறார்கள். 2020-இல் வந்த இன்னொரு சட்டம், மண்ணில் நட்டு, குடிலும் செயற்கை ஒளியும் இல்லாமல் வளர்த்த பூவுக்கே ஊர்ப்பெயர் அடையாளம் என்று வரையறுத்தது. மலைவாசிகளுக்குச் சாதகமாக நான் கண்ட ஒரே விதி அதுதான்.

வழிகாட்டி எழுதுவோர் தங்கள் அடுத்த பதிப்பின் முதற்பக்கத்தில் 1,205-ஐ அப்படியே வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பக்கத்தில் 2021-இன் இறுதியில் ஒரு பவுண்டு என்ன விலைக்குப் போயிற்று, அதில் வரி எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் அச்சிடட்டும்.