காணாமல் ஆக்கப்பட்டோருக்கும் இறந்தோருக்கும் ஒரே குறியீடா?

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தைப் பற்றி எழுதப் போயிருந்தபோது ஒரு அம்மாவைச் சந்தித்தேன். நித்திரையில்லை, நெஞ்சை அடைக்கிறது என்று கிளினிக்குக்குப் போனாராம். “வீட்டில ஆரும் செத்ததோ எண்டு கேட்டினம். ஒருத்தரும் சாகேல்லை, மகனைத்தான் காணேல்லை எண்டு சொன்னன்” என்றார். அந்த வேறுபாடு அவரது மருத்துவப் பதிவில் எப்படி ஏறியிருக்கும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.

நோய்களுக்குப் பொதுப்பெயர் தேவை என்பதில் சந்தேகமில்லை. நம் ஊரில் ஒருவர் ‘சீனி வருத்தம்’ என்பார், இன்னொருவர் ‘சலரோகம்’ என்பார், வேறொருவர் ‘நீரிழிவு’ என்பார். வைத்தியருக்கு விளங்கும். கணினிக்கோ அவை மூன்று வெவ்வேறு சொற்கள். அதனால்தான் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐ.சி.டி. வகைப்பாடு நோய்களுக்குக் குறியீடுகளை வழங்குகிறது. அதன் பத்தாம் பதிப்பில் இரண்டாம் வகை நீரிழிவு ஈ11. இலங்கை அரச வைத்தியசாலைகளில் தங்கிச் சிகிச்சை பெறுவோரின் விபரங்களைத் திரட்டும் கணினி முறைமையும் இந்த வகைப்பாட்டைச் சார்ந்ததே. நோயறிதலுக்கு உதவும் மென்பொருட்கள் பலவும் இத்தகைய குறியிடப்பட்ட பதிவுகளிலிருந்தே கற்கின்றன. தனிக் குறியீடு இல்லாத துன்பம் அவற்றின் கண்ணில் படுவது கடினம்.

அப்படியானால் அந்த அம்மாவின் துன்பத்துக்கு எங்கே இடம்? பத்தாம் பதிப்பில் இஸட்63.4 என்ற குறியீடு, குடும்ப உறுப்பினர் காணாமல் போவதையும் இறப்பதையும் ஒன்றாகவே அடக்குகிறது. ‘இறந்ததாகக் கருதப்படுபவரும்’ அதற்குள்தான். ‘காணாமல் போதல்’, ‘காணாமல் ஆக்கப்படுதல்’ என்ற வேறுபாடு அங்கே இல்லவே இல்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு ‘நீடித்த துயர்க் கோளாறு’ என்பதை 6பி42 எனப் புதிதாகச் சேர்த்தது. ஆனால் அதன் வரைவிலக்கணமே நெருங்கிய ஒருவரின் மரணத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆகவே தாய் ஒன்றில் மகனின் மரணத்தை ஏற்க வேண்டும், அல்லது அவரது துயரம் மனச்சோர்வாகவோ நித்திரையின்மையாகவோ பதியப்படும். பிறகு அந்தப் பதிவுகளை எண்ணிப் பார்ப்பவருக்கு எத்தனை தாய்மார் காத்திருக்கிறார்கள் என்பது தெரியப்போவதில்லை.

இந்த நாட்டின் சட்டமே இந்த இடைநிலையை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2016இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைக்கான சான்றிதழைப் பெறலாம் என்றது. அதிலும் உறவினர்களுக்கு ஆட்சேபங்கள் உண்டு. ஆயினும், இறந்தார் என்று சொல்லாமலே ஒருவரைப் பதிய முடியும் என்பதை அது காட்டியது.

மருத்துவப் பதிவிலும் அது முடியாத காரியமல்ல. அவுஸ்திரேலியாவும் அமெரிக்காவும் பத்தாம் பதிப்பைத் தமது தேவைக்கேற்ப விரித்துப் பயன்படுத்தியிருக்கின்றன. இலங்கையும் ஒரு துணைக்குறியீட்டைச் சேர்க்கலாம். நோயாளர் சொல்லும் தமிழ்ச் சொற்களைக் குறியீடுகளோடு இணைக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான கலைச்சொற்களையும் உருவாக்கினார். இந்த வேலை நமக்குப் புதிதல்ல.

பொதுச்சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சொல்லைக் கொழும்பிலோ ஜெனீவாவிலோ தீர்மானிக்கும் முன், வீதியோரக் கொட்டகையில் படத்தோடு இருப்பவர்களிடமும் ஒருமுறை கேளுங்கள் என்கிறேன்.