ராஜா தலை வெள்ளிக் காசா? முதலில் காந்தத்தை எடுங்க!

மூர் மார்க்கெட் பக்கம் துண்டு விரித்துப் பழைய காசு விற்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போனது. போலிக் காசு விற்கும் கில்லாடிகள் மட்டும் போகவில்லை. இப்போது செல்போனுக்குள் கடை விரித்திருக்கிறார்கள்!

அன்று காசைக் கையில் வாங்கலாம். கல்லில் சுண்டி ஓசை பார்க்கலாம். இன்று பார்ப்பது வெறும் படம். படத்தில் இருப்பது அசல் காசு. பார்சலில் வருவது வேறு சரக்கு.

போன வாரம் நம் ஆபீசுக்கு ஒரு பெரியவர் வந்தார். அச்சாபீசில் கம்பாசிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே 12 வெள்ளி ரூபாய். எல்லாமே ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை, எல்லாமே 1939-ம் வருஷம்.

"ஒண்ணு அறுநூறு ரூபாய்னு வாங்கினேன் தம்பி. அசலா, போலியா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பீரோ கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்தோம். 5 காசு லபக்கென்று ஒட்டிக்கொண்டது! வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. மீதி 7 காசைப் பக்கத்து நகைக் கடைத் தராசில் போட்டோம். ஒன்றுகூட 9 கிராம் தேறவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இன்னொரு கூத்து. மன்னரின் கழுத்தில் ஒரு கீறல், 12 காசிலும் அதே இடத்தில், அதே நீளத்தில்! ஒரே அச்சில் வார்த்து எடுத்திருக்கிறார்கள்.

அசல் ரூபாயின் கணக்கு இதுதான். எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அகலம் 30.5 மில்லிமீட்டர். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. புழங்கித் தேய்ந்த காசு கொஞ்சம் எடை குறையலாம். ஆனால் புத்தம் புதுசாகப் பளபளக்கும் காசு ஏன் 9 கிராம் இருக்கிறது?

சரி, 1939-க்கு ஏன் இவ்வளவு மவுசு? அந்த வருஷத்து ரூபாய் வெளியே வந்தது மிகக் குறைவு. மறு வருஷம் 1940-லிருந்து வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். விளிம்பையும் மாற்றினார்கள், கோடுகளுக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளம் உள்ள விளிம்போடு '1939' வந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். 1938 ரூபாயில் கடைசி 8-ஐச் சுரண்டி 9 ஆக்குகிற பலே கைகளும் உண்டு. அந்த ஒரு எழுத்தைச் சுற்றி மட்டும் சுரண்டல் தெரியும், மற்ற மூன்றும் சுத்தமாக இருக்கும்.

எடையைச் சரியாக வைத்து வரும் போலிக்கு என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. பாயிண்ட் கணக்கில் எடை காட்டும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு போதும். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. அசல் ரூபாய் என்றால் தராசு 1.13 கிராம் சுமார் காட்டும். ஜெர்மன் சில்வரில் அதே எடைக்கு அடித்த காசு 1.3-க்கு மேலே போகும். வெள்ளி முலாம் பூசி ஏமாற்றலாம், தண்ணீரை ஏமாற்ற முடியாது.

வாங்கும் முன்பே இன்னொரு கணக்குப் போடுங்கள். நம் பத்திரிகையில் தினம் வெள்ளி விலை வருகிறது. ஒரு கிராம் விலையை 10.7-ஆல் பெருக்கினால் ஒரு ரூபாய்க் காசில் உள்ள வெள்ளியின் விலை. அதைவிடக் குறைச்சலாக 'அபூர்வ' காசை ஒருத்தன் ஏன் விற்கணும்? உருக்கினாலே அவனுக்கு லாபமாச்சே!

ராமர், அனுமார் படம் போட்டு, 1818 என்று வருஷம் போட்டு, 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' காசு என்று ஒரு சரக்கும் சுற்றுகிறது. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே கிடையாது. அதைச் சோதிக்கக்கூட வேண்டாம்.

பெரியவர் கதை 12 காசோடு முடியவில்லை. பார்சல் வந்த நாலாம் நாள் போன். "உங்ககிட்ட 1939 இருக்காமே, ஒண்ணு ஒரு லட்சத்துக்கு எடுத்துக்கறோம். ரிசர்வ் பாங்க் கமிஷனும் வரியும் 15 ஆயிரம் முன்னாடி கட்டிடுங்க." மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினார். அதோடு அந்த போன் அவுட்! இவரிடம் காசு இருப்பது விற்றவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? விற்றவனும் கேட்டவனும் ஒரே கூட்டம்தான்.

பழைய காசு விற்க, வாங்க நாங்கள் கமிஷன் கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. அந்த அறிவிப்பு ஒரு கம்பாசிட்டர் வீடு வரை வந்து சேரவில்லை.

அமெரிக்காவில் 1973-ல் ஒரு சட்டம் போட்டார்கள். நகல் நாணயம் என்றால் அதன் மேலேயே 'காப்பி' என்று முத்திரை அடிக்க வேண்டும். இங்கே காசு விற்கும் வெப்சைட்காரர்களும் அப்படி முத்திரை இல்லாத நகலை ஏற்றக் கூடாது. எடை, விளிம்பின் படம் இரண்டும் இல்லாத விளம்பரத்தை எடுத்துவிட வேண்டும். கமிஷன் வாங்கத் தெரிகிறதே, இதைப் பார்க்க ஆள் போட முடியாதா?

பணம் போனவர்கள் தாமதிக்காமல் 1930-க்கு போன் போட வேண்டும். சீக்கிரம் சொன்னால், பணம் போன கணக்கை முடக்க வழி உண்டு. பெரியவருக்கு இந்த நம்பர் தெரியாது. நேரே போலீஸ் நிலையம் போயிருக்கிறார். "பழைய காசுதானே பெரியவரே, யார் வாங்கச் சொன்னா?" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இன்னொரு நிலையத்தில், இது எங்கள் எல்லை இல்லை என்றார்களாம்.

மொத்தம் போனது 22,200 ரூபாய். போன் நம்பர், பணம் போன வங்கிக் கணக்கு எண், பார்சல் ரசீது எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருக்கிறார். 12 காசும் இருக்கிறது. போலீசார் புகாரை வாங்க வேண்டியதுதான் பாக்கி.