வெறிநாய்க்கடியும் ஊராரின் கடமையும்

மாடுகளுக்குக் கோமாரி வருமென்று அஞ்சித் தவணை தவறாது ஊசி போடுவிக்கும் குடியானவர்கள் பலர், அதே தொழுவத்தைக் காவல் காக்கும் நாயை மறந்துவிடுகின்றனர். நாய் விலை கொடுத்து வாங்கியதன்று. ஆகையால் அதற்கெனச் சிரமம் எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை என்பது அவர்கள் எண்ணம். இது பெரும் பிழையாகும். மனிதருக்கு உண்டாகும் வெறிநோயில் 100-க்கு 99 பங்கு நாய்களாலேயே வருகின்றது. நோய்க்குறிகள் தோன்றிய பின்னர் அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை.

கேடு மனிதரோடு நிற்பதன்று. வெறிநாய் கடித்த பசுவும் எருமையும் எச்சில் ஒழுக, ஓயாது கத்தி, தீனியை விழுங்கமாட்டாமல் நிற்கும். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டதென்று கருதி, வாய்க்குள் கையைவிட்டுப் பார்ப்பவர் உண்டு. கையிலுள்ள சிறு கீறல் வழியே நோய் உட்புகக்கூடும். அத்தகைய மாட்டைத் தனியே கட்டிக் கால்நடை மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும். அதன் பாலை உபயோகித்தல் ஆகாது.

தம் வீட்டு நாய்க்கு ஊசி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருப்பதும் போதாது. ஏரிக்கரையில் தம் வயலுக்கு நேரான பாகத்தை மட்டும் ஒருவர் பலப்படுத்தினால் ஏரி நிற்குமோ? ஊரிலுள்ள நாய்களில், தெருநாய்கள் உள்பட, 100-க்கு 70-க்குக் குறையாமல் ஊசி பெற்றிருந்தால்தான் நோய் பரவும் வழி அடைபடும். தெருநாய்களைக் கொன்றுவிட்டால் தொல்லை தீருமென்பார் சிலர். கொன்ற நாய்களின் இடத்தில் ஊசி பெறாத அயலூர் நாய்கள் வந்து சேரும். பயன் யாதும் இராது.

ஆகவே இதனைக் குடிமராமத்துப்போல் ஊர்ப்பொதுக் காரியமாகவே நடத்த வேண்டும். ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் கால்நடை மருந்தகத்தாரோடு கலந்து, ஆண்டுக்கொரு நாள் குறித்து, 3 மாதம் நிரம்பிய எல்லா நாய்களுக்கும் ஒருங்கே ஊசி போடுவிக்கலாம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளாகும். 1885-ல் மனிதருக்கு இந்நோய்த் தடுப்பூசி போட்டுப் புகழ்பெற்ற லூயி பாஸ்டர் 1895-ல் மறைந்த நாள் அது. அந்நாளையே குறித்துக்கொள்ளுதல் தகும். நிலமுடையோர் தத்தம் நாய்களை முதலில் கொணர்ந்தால் மற்றவர் தாமே பின்தொடர்வர்.

இவ்வளவு செய்தும் கடி நேர்ந்தால், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவவேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்புதல் தீங்கு. அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்னும் பழைய அச்சத்திற்கு இப்போது இடமில்லை. அம்மருந்து இந்தியாவில் 2004-ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. இப்போது கையில் ஊசி போடுகின்றனர். முதல் நாளுக்குப் பின் 3, 7, 28 ஆகிய நாட்களிலும் தவறாது போட்டுக்கொள்ள வேண்டும். இரத்தம் கசியும் காயமாயின், காயத்தைச் சுற்றிப் போடும் மற்றொரு மருந்தும் அவசியம்.

ஊசிக்குப் பயந்து கடியை மறைப்பவர் பெரும்பாலும் சிறுவரே. நாய்க்குட்டியின் நகக்கீறலாயினும் வீட்டில் சொல்லவேண்டுமென்றும், சொன்னால் அடி விழாதென்றும் பெற்றோர் அவர்களுக்கு உறுதி கூறல் வேண்டும். ஒரு சொல்லை மறைத்ததனால் ஓர் உயிர் போதல் எவ்வூரிலும் நேரலாகாது.