கணினி வாங்கும்போது கேட்க மறக்கும் கேள்வி



எங்கள் பகுதி மாதர் சங்கத்தினர் தட்டச்சு வேலைக்கென்று கடன் எடுத்து ஒரு கணினி வாங்கினார்கள். ஐந்தாம் மாதம் "டப்" என்ற சத்தத்துடன் புகை வந்தது. எரிந்தது பவர் சப்ளை. போகும்போது மதர்போர்ட்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்தே கொண்டு போய்விட்டது. அங்கத்தவர்களின் சேமிப்புக் கணக்கு முழுவதும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. பொருளாளர் அக்கா எல்லாவற்றையும் கொப்பியிலும் எழுதி வைத்திருந்ததால் சங்கம் தப்பியது. கடன் தவணை இன்னும் ஓடுகிறது.

மெமரி எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்றெல்லாம் விசாரிக்கிறோம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் அந்த இரும்புப் பெட்டியைப் பற்றிக் கேட்பதில்லை. "அது கேசிங்கோடயே வரும்" என்பார்கள், நாமும் தலையாட்டுவோம்.

எரிந்த பெட்டியில் பெரிய எழுத்தில் 500 வாட்ஸ் என்று போட்டிருந்தது. உண்மை அதற்குக் கீழே, சிறிய எழுத்து அட்டவணையில் இருந்தது. இன்றைய கணினி பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் மின்சாரத்தை எடுக்கிறது. ஆகவே 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள அம்பியரை 12 ஆல் பெருக்கிப் பாருங்கள். எங்கள் பெட்டியில் 18 அம்பியர். பெருக்கினால் 216 வாட்ஸ். 500 எங்கே, 216 எங்கே! நல்ல 450 வாட்ஸ் பெட்டியில் 36 அம்பியர் வரை இருக்கும், அதாவது 432 வாட்ஸ். 12 வோல்ட் இரண்டு நிரலாக இருந்தால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். மொத்தம் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது பழைய, மலிவான அமைப்பு. பிள்ளைகள் விளையாட்டாக 115 க்குத் தள்ளினால் நமது மின்சாரத்தில் வெடித்துவிடும். 100 முதல் 240 வோல்ட் வரை தானாகவே ஏற்பதை எடுத்தால், மாலையில் வோல்ட் இறங்கும் ஊர்களுக்கும் நல்லது.

2004 இல் தொடங்கிய "80 பிளஸ்" முத்திரையையும் தேடலாம். 100 பங்கு மின்சாரம் இழுத்தால் 80 பங்காவது கணினிக்குப் போகிறது என்பது அதன் அர்த்தம். ஆனால் முத்திரையை யாரும் அச்சடிக்கலாம். மாதிரி இலக்கம் அத்திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தவிர, அது மின் சிக்கனத்துக்கான சான்று மட்டுமே. மின்னழுத்தம் கூடினாலோ ஷோர்ட் ஆனாலோ தானாக நிற்கும் பாதுகாப்பு உண்டா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் பெட்டியில் இல்லாமற் போனது அதுதான் என்று நினைக்கிறேன்.

பெட்டியைத் திறந்து சோதிக்க மட்டும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே உள்ள கொள்ளளவிகளில் மின்னேற்றம் நிற்கும்.

மறுபடி கடைக்குப் போனபோது, "இதுவும் 500 தான் அக்கா, விலை பாதி" என்றார் அங்கிருந்த தம்பி. பொருளாளர் அக்கா பெட்டியைத் திருப்பி, கையிலிருந்த துண்டில் பெருக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். வாங்கி வந்தது 450 வாட்ஸ், 5 வருட உத்தரவாதம். பற்றுச்சீட்டைக் கணக்குக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார்.