ஐந்து நாள், ஒரு முத்தம்

இந்த வாரம் ஒரு முத்தத்துக்கு எதிராக எழுதப்போகிறேன். கலாசாரக் காவலர்கள் சந்தோஷப்பட வேண்டாம். கடைசியில் அவர்களுக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறேன்.

முத்தம் நடக்கும் இடம், நியூயார்க் புரூக்ளினில் ஒரு மனநல வார்டு. படம், 2010-ல் வந்த ‘இட்ஸ் கைண்ட் ஆஃப் எ ஃபன்னி ஸ்டோரி’. ஆனா போடென், ரையன் ஃப்ளெக் என்று இருவர் சேர்ந்து இயக்கியது. கிரெய்க்குக்கு வயது 16. கெட்டிக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம், மார்க், விண்ணப்பம், எல்லாவற்றிலும் தன்னை முந்தும் நண்பன். தாங்க முடியவில்லை. சாகலாமா என்று தோன்றுகிறது. அதைச் செய்யாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் உதவி கேட்கிறான். பிள்ளைகள் வார்டில் மராமத்து நடப்பதால் பெரியவர்கள் வார்டில் சேர்த்துக்கொள்கிறார்கள். குறைந்தது 5 நாள் இருந்தாக வேண்டும். அங்கே அவன் வயதிலேயே நோயல் என்று ஒரு பெண். முகத்தில் காயங்கள். பார்வை, பேச்சு, முத்தம். ஐந்தாம் நாள் பையன் வெளியே. நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே.

நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் கோபம் வருகிறது. மோசமான படம் பொய் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

என்ன பொய்? வார்டில் ஒரு காதல் கிடைத்தால் மனசு குணமாகிவிடும் என்பது. இதைப் படம் வாய்விட்டுச் சொல்லவில்லை, உண்மை. கடைசியில் கிரெய்க்கே, எல்லாம் சரியாகிவிடவில்லை, இது ஆரம்பம்தான் என்கிற மாதிரி நம்மிடம் பேசுகிறான். ஆனால் வாய் சொல்வது ஒன்று, பக்கத்தில் சிரிக்கிற பெண் சொல்வது வேறொன்று. தூங்கப்போகும்போது எது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்? சினிமா பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். சொல்ல வேண்டுமா என்ன?

கணக்குப் பார்த்துவிடலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை சரியாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். ஐந்தாம் நாள் அது சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அப்புறம் எதற்கு அந்த 5 நாள்? உயிருக்கு ஆபத்தான நேரத்தைத் தாண்டவைக்க. பெல்ட்டையும் ஷூ லேஸையும் வாங்கி வைத்துக்கொண்டு, அடிக்கடி வந்து எட்டிப் பார்த்து, மருந்தை முடிவு செய்து, அடுத்து எந்த டாக்டரை எப்போது பார்ப்பது என்று எழுதிக்கொடுத்து அனுப்ப. கப்பல் மூழ்காமல் ஓட்டையை அடைப்பது மாதிரி. பயணம் அதற்கப்புறம்தான்.

இந்த 5 நாளுக்குப் பின்னால் ஒரு வியாபாரமும் இருக்கிறது. ஸுஸன்னா கெய்ஸன் என்ற பெண் 1967-ல், 18 வயதில், மாசசூசெட்ஸில் உள்ள மக்லீன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வெளியே வர ஏறக்குறைய 2 வருஷம் ஆயிற்று. அந்த அனுபவத்தை 1993-ல் புத்தகமாக எழுதினார். 1999-ல் ‘கேர்ள், இன்டரப்டட்’ என்று படமாகி, ஏஞ்சலினா ஜோலிக்கு ஆஸ்கர் வாங்கிக்கொடுத்தது. (அதில் யாருக்கு மிக அதிகமாக நோயோ அவர்தான் பார்க்க மிகக் கவர்ச்சி. அது தனிக் கோபம், இன்னொரு நாள்.) அன்றைக்கு 2 வருஷம், இன்றைக்கு 5 நாள், ஒரு வாரம். நோய் சின்னதாகிவிட்டதா? இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் படுக்கைக்குக் காசு கொடுக்கும் நாட்களை வெட்டிக்கொண்டே வந்தன. 2 வருஷம் அடைத்துவைத்ததும் நியாயமில்லைதான். ஆனால் பில் கட்டுகிறவர் வசதிக்காக வந்த 5 நாளைப் போய், ஒரு மனசு தேறுவதற்கான கெடு மாதிரிக் காட்டினால் எப்படி?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. மனநல வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்குத் தற்கொலை ஆபத்து மிக அதிகமாக இருப்பது வெளியே வந்த முதல் சில வாரங்களில், முதல் மூன்று மாதங்களில். ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் சேதி இது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். உள்ளே எந்நேரமும் ஒரு நர்ஸ் இருந்தார். வெளியே அதே பள்ளிக்கூடம், அதே மார்க், அதே ராத்திரி. ‘அதான் சரியாயிடுச்சே’ என்கிற உறவினர்கள் வேறு. படம் ‘சுபம்’ போடுகிற இடத்தில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

இந்தக் கதையை எழுதிய நெட் விஸினிக்கு இது நன்றாகத் தெரியும். 2004-ல் புரூக்ளின் ஆஸ்பத்திரி ஒன்றின் மனநல வார்டில் 5 நாள் இருந்தவர். வெளியே வந்து ஒரு வாரத்தில் நாவலை எழுத உட்கார்ந்தார். 2006-ல் வெளிவந்தது. அவர் நாவலில் பையன் ஏன் மறுபடி சரிந்தான் தெரியுமா? கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிட்டான். எத்தனை வீடுகளில் நடக்கிற கதை! விஸினி பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் மனச்சோர்வு பற்றிப் பேசியவர். 2013 டிசம்பரில், 32-வது வயதில், தற்கொலையால் இறந்துபோனார். இதைச் சொல்வது அவர் தோற்றார் என்று காட்ட அல்ல. இடையில் 9 வருஷம் வாழ்ந்தார், எழுதினார், எத்தனையோ பேருக்குத் தைரியம் சொன்னார். இந்த நோய் சிலருக்கு சர்க்கரை வியாதி மாதிரி நீண்ட கணக்கு. காதலித்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்று படம் எடுத்தால் சிரிப்போம், இல்லையா? இங்கே மட்டும் ஏன் கைதட்டுகிறோம்?

நோயல் பக்கம் வாருங்கள். அவளும் நோயாளிதான். அவளுக்கு என்ன துயரம், எப்படித் தேறுவாள்? படம் அதற்குச் செலவழிக்கும் நேரம் மிகக் குறைவு. ஏன்? அவள் ஹீரோவுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து. மருந்துக்கு வலிக்குமா என்று யாராவது கேட்பார்களா? நாளைக்கு இருவரும் சண்டை போட்டுப் பிரிந்தால் யார் யாரைத் தாங்குவது? வார்டுகளில் நோயாளிகள் காதலிக்கக் கூடாது என்று கண்டிப்பாக இருப்பது டாக்டர்களின் அரசிகத்தனத்தால் அல்ல, இந்த பயத்தால்தான்.

‘படம்தானே சார், ரெண்டு மணி நேரம் சந்தோஷமா இருந்துட்டுப் போறோம்’ என்கிறீர்களா? நீங்கள் போய்விடுவீர்கள். பக்கத்து சீட்டில் 16 வயதில் ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு என்ன பதில்? ‘எனக்கு அப்படி ஒருத்தி வரவில்லை, அதனால் எனக்கு விமோசனம் இல்லை’ என்று அது முடிவு கட்டிவிட்டால்?

இத்தனைக்கும் நிஜமான மருந்து அதே படத்துக்குள் இருக்கிறது. கிரெய்க்கின் அறையில் முக்தாதா என்று ஒரு எகிப்தியர். கட்டிலை விட்டே எழாதவர். பையன் எங்கெங்கோ சொல்லி எகிப்தியப் பாட்டு ஒன்றை வரவழைத்துப் போடவைக்கிறான். மனுஷன் எழுந்து வருகிறார். பாபி என்று இன்னொருவர். விடுதியில் இடம் கேட்டு நேர்காணலுக்குப் போக வேண்டும், போட்டுக்கொள்ள நல்ல சட்டை இல்லை. பையன் சட்டை கொடுக்கிறான். தன்னால் ஒருத்தருக்கு உபயோகம் உண்டு என்று அவனுக்கே தெரிகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம், குழு சிகிச்சை ஏன் பலிக்கிறது என்று 1970-ல் வந்த தன் நூலில் பட்டியல் போட்டார். ‘எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் இருக்கு’ என்ற நிம்மதி ஒன்று. அடுத்தவருக்கு உதவ முடிகிற திருப்தி இன்னொன்று. பட்டியலில் முத்தம் இல்லை. சட்டை இருக்கிறது.

இதைப் படமாக்கவே முடியாதா? 1962-லேயே முடிந்திருக்கிறது. ஃபிராங்க் பெரி எடுத்த ‘டேவிட் அண்ட் லிசா’. ஒரு மனநல மருத்துவர் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்த படம். யாராவது தொட்டால் துடித்துப்போகும் பையன். எதுகை போட்டுத்தான் பேசுவேன் என்கிற பெண். முழுப் படமும் நடந்து, கடைசியில் அவன் தன் கையைப் பிடிக்க அவளுக்கு இடம் கொடுக்கிறான். அவ்வளவுதான். அந்த ஒரு கைக்கு இயக்குநருக்கு ஆஸ்கர் நாமினேஷன் கிடைத்தது.

இப்போது காவலர்களின் பங்கு. இந்த மாதிரிப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டவே கூடாது என்பார்கள். தப்பு. தாராளமாகக் காட்டுங்கள், கூட உட்கார்ந்து பாருங்கள். ஒரு பையன் தானாக ஆஸ்பத்திரிக்கு நடந்து போய், வெட்கப்படாமல் ‘எனக்கு முடியலை’ என்று சொல்லும் ஆரம்பக் காட்சிக்காகவே பார்க்கலாம். படம் முடிந்து டிவியை அணைத்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அடுத்த திங்கட்கிழமை இவன் என்ன பண்ணுவான்?’

பதில் என்னவாக இருந்தாலும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அது கிரெய்க்கைப் பற்றிய பதிலாக இல்லாமலும் போகலாம். அப்படித் தோன்றினால் அட்வைஸ் வேண்டாம். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அன்று ராத்திரியே பேச ஒரு ஆள் வேண்டுமென்றால் 14416, அரசாங்கத்தின் டெலிமானஸ். 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.